நாலு சாயம் போதும்... நேர்த்தியாகப் போட்டால்!

மார்பகத்தில் கட்டி. ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்தாச்சு. 'புற்றுநோய்தான்' என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து டாக்டர் இன்னொரு சீட்டை நீட்டுகிறார். "இதையும் பண்ணிட்டு வந்துடுங்க. ஐ.ஹெச்.சி. டெஸ்ட்!"

உடனே வீட்டில் இரண்டு கட்சி கிளம்பும். "அதான் கேன்சர்னு தெரிஞ்சு போச்சே, இன்னும் என்ன டெஸ்ட்? எல்லாம் காசு பிடுங்கற வேலை" என்பார் சித்தப்பா. "காசு போனாப் போகட்டும். இருக்கிற எல்லா டெஸ்ட்டையும் எடுத்துடுங்க" என்று வெளியூரிலிருந்து ஃபோனில் பதறுவான் பிள்ளை.

என்னைக் கேட்டால், இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. இந்த டெஸ்ட்டைத் தவிர்க்கவே கூடாது. அதே சமயம், சாயங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நாலு சாயம் போதும். அந்த நாலையும் ஒழுங்காகப் போட்டார்களா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா?

பெயர் ஒன்று, நோய் பல

பக்கத்து வீட்டு மாமி ஆபரேஷன் முடிந்து, தினம் ஒரு மாத்திரையோடு கோயில், கடைத்தெரு என்று நடமாடுகிறார். நம்ம அத்தைக்கு மட்டும் ஏன் கீமோதெரபி, முடி கொட்டல், வாந்தி என்று இத்தனை அவஸ்தை? இரண்டு பேருக்கும் ஒரே மார்பகப் புற்றுநோய்தானே?

இல்லை. பெயர்தான் ஒன்று. உள்ளே இருப்பது வேறு வேறு.

இது ரொம்ப நாளாகவே டாக்டர்களை உறுத்திக்கொண்டிருந்த விஷயம். 1896-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், முற்றிய மார்பகப் புற்று உள்ள பெண்களுக்குச் சினைப்பையை அகற்றிப் பார்த்ததை எழுதினார். கட்டி சுருங்கியது! ஆனால் மற்றவர்களும் அதைச் செய்து பார்த்தபோது, சிலருக்கு மட்டுமே பலித்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

விடை கிடைக்க அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1950-களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள, செல்லுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. பூட்டு இருந்தால்தானே சாவி நுழையும்? பூட்டு உள்ள புற்றுநோய், ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதைத் தடுத்தால் சுருங்குகிறது. பூட்டு இல்லாத புற்றுநோய் ஹார்மோனைச் சட்டையே செய்வதில்லை.

அப்புறம் 2000-ஆவது ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, கட்டிகளின் மரபணுக்களையே ஒப்பிட்டுப் பார்த்து, மார்பகப் புற்றில் தனித்தனி ஜாதிகள் உண்டு என்று காட்டியது. எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்வது கட்டுப்படியாகிற காரியமா? அதனால், சாயத்தை வைத்தே ஏறக்குறைய அதே ஜாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில் 2011-ல் கூடிய நிபுணர்கள் வழி சொன்னார்கள். உங்கள் கைக்கு வரும் ரிப்போர்ட் அந்த வழியில் வந்ததுதான்.

சாயம் எப்படிப் பிடிக்கிறது?

அம்மை வந்து போனால், அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்துகொண்டு எதிர்க்கும் பொருள் ஒன்று நம் ரத்தத்தில் உண்டாகிறது அல்லவா? அதுதான் ஆன்டிபாடி. அது குறி தப்பாது. எதற்காக உண்டானதோ அதைத்தான் போய்ப் பிடிக்கும். 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், வேண்டிய ஆன்டிபாடியை லேபிலேயே வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். 1984-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கட்டியிலிருந்து எடுத்த சதையை ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசான சீவல்களாகச் சீவுகிறார்கள். அதன் மேல் ஆன்டிபாடியை விட்டுக் கழுவுகிறார்கள். தேடிய பொருள் இருந்தால் ஆன்டிபாடி அங்கே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் அந்த இடம் பழுப்பாக மாறும். பொருள் இல்லாத இடம் நீலமாகவே நிற்கும். பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எத்தனை செல் பழுத்திருக்கிறது, எவ்வளவு அழுத்தமாகப் பழுத்திருக்கிறது என்று எழுதுகிறார். அவ்வளவுதான்!

அந்த நாலு சாயம்

முதலாவது ஈ.ஆர். மேலே சொன்ன ஈஸ்ட்ரோஜன் பூட்டு. நாலிலும் மூத்தது இதுதான். நூற்றுக்கு ஒரு செல் பழுத்தாலே பாசிட்டிவ் என்று 2010-ல் விதி வந்தது. ஆனால் 1-லிருந்து 10 சதவிகிதம் வரை உள்ளவர்களை 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாக எழுத வேண்டும் என 2020-ல் திருத்தினார்கள். அவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை எவ்வளவு கேட்கும் என்பதை டாக்டர் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது பி.ஆர். இது புரோஜெஸ்டிரோன் பூட்டு. ஈ.ஆர். ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கு இது ஒரு சாட்சி மாதிரி. இரண்டும் நிறைய இருந்தால் பெரும்பாலும் சாதுவான வகை.

மூன்றாவது ஹெர்-2. இது செல்லின் சுவரில் இருக்கும் ஆன்டெனா. அளவுக்கு மீறி முளைத்துவிட்டால் 'வளரு, வளரு' என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழு, இது பெருகியவர்களுக்கு நோய் வேகமாகத் திரும்புகிறது என்று சொன்னபோது அது கெட்ட செய்தி. 1998-ல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகு, அதே ஹெர்-2 மருந்துக்கு நல்ல இலக்காகிவிட்டது. 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால்? சாயத்தால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அப்போது 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

நாலாவது கே.ஐ.-67. ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்தது. அங்கே சோதனைத் தட்டில் 67-ஆவது குழியில் கிடைத்ததால் அந்த நம்பர்! எத்தனை செல்கள் பெருகும் வேலையில் இறங்கியிருக்கின்றன என்று காட்டும்.

இந்த நாலையும் சேர்த்து வைத்துத்தான் ஜாதி பிரிக்கிறார்கள். ஈ.ஆர்., பி.ஆர். நிறைய, ஹெர்-2 இல்லை, கே.ஐ.-67 குறைவு என்றால் 'லூமினல் ஏ'. சாது. ஈ.ஆர். இருக்கிறது, ஆனால் பி.ஆர். குறைவு, அல்லது கே.ஐ.-67 அதிகம், அல்லது ஹெர்-2-வும் கூட இருக்கிறது என்றால் 'லூமினல் பி'. கொஞ்சம் முரடு. ஹெர்-2 மட்டும் இருந்தால் 'ஹெர்-2 வகை'. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே இல்லையென்றால் 'டிரிப்பிள் நெகட்டிவ்'.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். 'பாசிட்டிவ்' என்றதும் பயப்படாதீர்கள்! ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் கெட்டது என்று நாம் பழகிவிட்டோம். இங்கே அப்படியில்லை. ஈ.ஆர். எட்டுக்கு எட்டு என்று போட்டிருந்தால், மாத்திரை நன்றாகக் கேட்கும் என்று பொருள். கே.ஐ.-67-ல்தான் பெரிய நம்பர் வேகத்தைக் குறிக்கும்.

நாலில் எதை எவ்வளவு நம்பலாம்?

நாலும் ஒரே தரம் இல்லை. ஒழுங்காகச் செய்த ஈ.ஆர்., ஹெர்-2 சாயங்களை வைத்துத் தைரியமாக வைத்தியத்தை முடிவு செய்யலாம். கே.ஐ.-67 அப்படியல்ல. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு நம்பர் வரும். 2011-ல் எல்லைக்கோடு 14 சதவிகிதம் என்றார்கள். 2013-ல் 20-ஐ ஒட்டிப் பேசினார்கள். 5-க்குக் கீழே, 30-க்கு மேலே இருந்தால் நம்பலாம், நடுவில் இருப்பதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள் என்று 2021-ல் சர்வதேச நிபுணர் குழு சொல்லிவிட்டது. எனவே "கே.ஐ. 18 வந்திருக்கே, 22 வந்திருக்கே" என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஐந்தாவது, ஆறாவது சாயம்? டிரிப்பிள் நெகட்டிவ் என்று வந்தவர்களுக்குச் சில லேப்களில் சைட்டோகெரட்டின் 5/6, ஈ.ஜி.எஃப்.ஆர். என்று இன்னும் இரண்டு போடுவார்கள். 'பேசல்' என்ற ஜாதியைக் கண்டுபிடிக்க 2004-ல் வந்த முறை இது. விஞ்ஞானத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த இரண்டும் பாசிட்டிவ் ஆனாலும் நெகட்டிவ் ஆனாலும் உங்களுக்குக் கொடுக்கப்போகும் மருந்து மாறப்போவதில்லை. பிறகு எதற்குச் செலவு? அந்தப் பணத்தை, ஹெர்-2 2+ வந்தால் ஃபிஷ் செய்ய எடுத்து வையுங்கள் என்பேன். மருந்தை மாற்றுகிற சோதனை அதுதான்.

விதிவிலக்கு உண்டு. வகையைப் பிரிக்க முடியாமல் பேத்தாலஜிஸ்ட்டே ஈ-கேட்ஹெரின் போன்ற சாயத்தைக் கேட்கலாம். டிரிப்பிள் நெகட்டிவ் நோய் உடம்பில் பரவியிருந்தால், பி.டி.-எல்1 சாயம் இம்யூனோதெரபி தரலாமா என்று காட்டும். இப்படிக் காரணத்தோடு கேட்டால் மறுக்காதீர்கள். "இதனால என் வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே விஷயம் தெளிவாகிவிடும்.

கனடாவில் நடந்த கதை

'சாயத்தை ஒழுங்காகப் போட வேண்டும் என்று இவ்வளவு சொல்லணுமா? லேப்காரர்களுக்குத் தெரியாதா?' என்று நினைக்கிறீர்களா? கனடாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் என்ற மாகாணம். பணக்கார நாடு, அரசாங்க ஆஸ்பத்திரி, படித்த டாக்டர்கள். 1997 முதல் 2005 வரை மார்பகப் புற்று நோயாளிகளுக்கு ஈ.ஆர்., பி.ஆர். சாயம் போட்டார்கள். 2005-ல் ஒரு நோயாளியின் திசுவை மறுபடி சோதித்தபோது, 'நெகட்டிவ்' என்றிருந்தது 'பாசிட்டிவ்' ஆனது. சந்தேகம் வந்து பழைய மெழுகுக் கட்டிகளை எடுத்து டொரண்டோ நகருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 380 பேருக்கு மேல் ரிப்போர்ட் தப்பு!

இதன் அர்த்தம் என்ன தெரியுமா? டமாக்ஸிஃபென் என்று ஒரு சாதாரண மாத்திரை. அமெரிக்காவில் 1977-லேயே அனுமதி பெற்றது. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருடம் சாப்பிட்டால், மார்பகப் புற்றால் சாகிற வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 'உங்களுக்கு இது பயன்படாது' என்று தப்பாகச் சொல்லி, அந்தப் பெண்கள் பலருக்கு அந்த மாத்திரை கொடுக்கப்படவேயில்லை. உண்மை தெரிவதற்குள் இறந்து போனவர்களும் இருந்தார்கள்.

நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 2009-ல் அறிக்கை வந்தது. ஆன்டிபாடி மேல் பழி இல்லை. திசுவைப் பதப்படுத்தியதில் குறை, சரிபார்க்கும் ஏற்பாட்டில் குறை, தரக்கட்டுப்பாடே சரிவர இல்லை. அங்கே எத்தனை சாயம் கூடுதலாகப் போட்டிருந்தாலும் இந்தத் தப்பு நின்றிருக்காது.

தப்பு எங்கே நுழைகிறது?

மீன் வாங்கி வந்து வெயிலில் வைத்துவிட்டு, சாயங்காலம் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும்? எத்தனை மசாலா போட்டும் பயனில்லை. திசுவும் அப்படித்தான். உடம்பிலிருந்து எடுத்த நிமிஷத்திலிருந்து அது கெட ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பெரிய சதையாக இருந்தால் நடுவில் வகுந்து போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கட்டி வரை மருந்து இறங்காது.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு டப்பாவை உறவினர் கையில் கொடுத்து, "லேப்ல குடுத்துடுங்க" என்று அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த டப்பாவைக் காரில் வைத்துவிட்டு, 'சாப்பிட்டுட்டுப் போலாம்' என்று ஹோட்டலில் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா, சதை முழுசாக முங்கியிருக்கிறதா, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு நேரே லேபுக்குப் போங்கள்.

அடுத்தது 'கன்ட்ரோல்'. ராத்திரி உங்கள் வீட்டு விளக்கு எரியவில்லை. என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பீர்கள். அங்கேயும் இருட்டு என்றால் பல்ப் மேல் தப்பில்லை, கரண்ட் கட்! புற்றுக் கட்டிக்குப் பக்கத்திலேயே சாதாரண பால் குழாய்ச் செல்கள் இருக்கும். அவற்றில் ஈ.ஆர். இயற்கையாகவே உண்டு. அவையும் பழுக்கவில்லை என்றால், கோளாறு சாயத்தில். அந்த 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பக்கூடாது. மறுபடி செய்ய வேண்டும். நல்ல ரிப்போர்ட்டில் 'கன்ட்ரோல் சரியாக இருந்தது' என்று ஒரு வரி இருக்கும். தேடிப் பாருங்கள்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கலாம். ஹெர்-2 இல்லாதவருக்கு இருக்கிறது என்று வந்தால், வேண்டாத ஊசி, வேண்டாத செலவு. போதாததற்கு அந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பலத்தைக் குறைக்கும்.

"மறுபடி டெஸ்ட் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?"

இந்தத் தயக்கம் நியாயம்தான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் திருப்பிச் செய்யச் சொன்னால் செலவும் ஆகும், நாளும் ஓடும். சிகிச்சை தள்ளிப் போவது நல்லதல்ல. அதனால் எல்லோரும் கேளுங்கள் என்று சொல்லமாட்டேன். எப்போது கேட்கலாம்?

மைக்ராஸ்கோப்பில் கட்டி சாதுவாக, 'கிரேடு 1' என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஈ.ஆர். சுத்தமாக இல்லை என்கிறது சாயம். இரண்டும் ஒத்துப்போகவில்லையே? அப்போது கேளுங்கள். கன்ட்ரோல் பற்றி ரிப்போர்ட்டில் வார்த்தையே இல்லையா? கேளுங்கள். 2+ வந்தும் ஃபிஷ் செய்யவில்லையா? அவசியம் கேளுங்கள். சில வருடம் கழித்து நோய் வேறு இடத்தில் திரும்பி வந்தால், முடிந்தால் அங்கிருந்து சதை எடுத்து மறுபடி சாயம் போடச் சொல்லுங்கள். ஜாதி மாறியிருக்கலாம். 0-வா, 1+-ஆ என்பது கூட இப்போது அலட்சியம் இல்லை. நோய் பரவியவர்களில், ஹெர்-2 கொஞ்சமாக இருந்தாலும் வேலை செய்யும் ஒரு புது மருந்தை 2022-ல் வந்த ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறது.

மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார். பேத்தாலஜிஸ்ட்டோடு அவரே பேசி முடிவு செய்வார்.

இதைச் செய்யுங்கள்

ஐ.ஹெச்.சி. ரிப்போர்ட்டின் முழு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற ஒற்றை வார்த்தை போதாது. சதவிகிதம், அழுத்தம், ஸ்கோர் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து ஃபைல் போடுங்கள்.

மெழுகுக் கட்டி எந்த லேபில், எந்த நம்பரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். லேபில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். தூக்கிப் போடுவதாக இருந்தால் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வெயில் படாத, சூடில்லாத இடமாக இருந்தால் போதும். ஊர் மாறி வைத்தியம் பார்க்கப் போனால், புதிதாக ஊசி குத்தாமல் இதை வைத்தே மறுபடி பார்க்கலாம். கனடாவில் அத்தனை தப்பும் வெளியே வந்தது, யாரோ புண்ணியவான்கள் பழைய மெழுகுக் கட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான்!

கல்யாண ஆல்பத்தையும், வீட்டுப் பத்திரத்தையும் எத்தனை ஜாக்கிரதையாக வைக்கிறோம்? பீரோவின் அதே தட்டில் இந்த ஃபைலுக்கும் ஓர் இடம் கொடுங்கள். நாளைக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.